கண்ணன் பாதமும் சீயக்காயும்

திருநகர், மதுரை.
27.8.2003

சௌபாக்கியவதி சுந்தரவல்லிக்கு ஜனகராஜ் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், நீ போட்டுவைத்துப் போன மாவடு ஜாடியில் இருக்கும் அடிமிச்சமும் சௌக்கியம். அவ்விடம் நீயும், நம் இந்துப்ரியாவும், பேரக்குழந்தையும், மாப்பிள்ளை பாலகணேஷும் சௌக்கியமாக இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன்.

போனிலேயே பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஹலோ சொன்னதுமே மாப்பிள்ளை ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிடுகிறார். அப்புறம் ஷார்ஜாவில் உள்ள நாலு சுவரும் நான் பேசுவதைக் கேட்கின்றன. தமிழை விட்டு நம் வீட்டுப் பாஷையில் பேசலாமென்றால் அவரும் நம்மவர்தான், எல்லாம் புரியும். எழுதலாமென்றால் அந்தப் பாஷையில் எனக்கு எழுத வராது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். விஷயம் இதுதான். பிரசவத்துக்கென்று தை மாதம் போன நீ சித்திரையில் வந்துவிடுவதாகப் பேச்சு. இப்போது ஆவணி. இந்து திரும்ப வேலைக்குப் போகவேண்டும், அதனால் உன் விசாவை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாமா என்று போன வாரம் மாப்பிள்ளை கேட்டார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் வேறு என்ன சொல்வது? "தாராளமா இருக்கட்டும் மாப்ள" என்று சொல்லிவிட்டேன். அதை எழுத்திலும் தெரிவித்துவிட வேண்டுமல்லவா, சம்மதம். இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. கோகுலாஷ்டமிகூட நல்லபடியாக நடந்தது.

நல்லபடியாக என்றால், கேள். வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் கண்ணன் பாதம் போடவேண்டுமே, நீ இல்லாமல் யார் போடுவது என்று ஆடி பிறந்ததிலிருந்தே எனக்குக் கவலை. அரிசி மாவைக் கரைத்து, நீ செய்கிற மாதிரியே கையை மடக்கித் தோய்த்து ஒரு பாதம் வைத்துப் பார்த்தேன். கண்ணனுக்கு யானைக்கால் வந்த மாதிரி இருந்தது. பாத்திரம் தேய்க்க வந்த தங்கப்பொண்ணு அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் இப்ப ஸ்டிக்கர் வந்திருச்சு சார். எந்தம்பி வீரணன் ஆரப்பாளையத்துல பஸ்சுக்கெல்லாம் பேர் ஒட்டுறான். அவன்ட்ட சொன்னா தரையில ஒட்டித் தருவான். ஒரு தடவ ஒட்டுனா வருசம்பூரா கண்ணன் வந்துக்கிட்டே இருப்பாரு" என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது.

வீரணன் வந்து தரையில் விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தான். "என்னா சார், இம்புட்டு எண்ணெய் ஏறியிருக்கு? பிசுக்கு இருந்தா எந்த ஸ்டிக்கரும் நிக்காது. நல்லாத் தேச்சுக் காயவச்சு வைங்க, நாளைக்கு வாரேன்" என்றான். எண்ணெய் ஏறாமல் என்ன செய்யும்? இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அந்தச் சிவப்பு சிமெண்டுத் தரைக்கு நீ தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டுத் தேய்த்ததில், அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல அல்லவா இருந்தது. சரி, எண்ணெய்ப் பிசுக்குக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். சீயக்காய். தீபாவளிக்கு நீ என் தலையில் தேய்ப்பதை நினைத்துக்கொண்டு, வெந்நீர் வைத்து, ஒரு பாக்கெட் சீயக்காயையும் கரைத்துத் தரையில் கொட்டித் தேய்தேய் என்று தேய்த்தேன். சிரிக்காதே. சீக்கிரம் காயட்டுமென்று சாம்பிராணிப் புகையும் போட்டேன்.

மறுநாள் வீரணன் முதல் பாதத்தை ஒட்டி, பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றெல்லாம் வழித்துவிட்டுக் கையை எடுத்தான். பாதம் அவன் கையோடேயே வந்தது. அடியில் பார்த்தால் சீயக்காய்த்தூள் அப்பியிருக்கிறது. "தரைக்கு எண்ணெய்க்குளியல் போட்டுவிட்ட ஆளை இன்னைக்குத்தான் சார் பாக்குறேன்" என்றான். அப்புறம் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தான். துணியெல்லாம் சிவப்பும் எண்ணெயுமாக வந்தது. நீ மண்டியிட்டுத் தேய்த்ததெல்லாம் ஒரு துணியில் வந்துவிட்டதே சுந்தரா. "பாதம் ஒட்டுற இடத்த மட்டும் துடை, மத்த இடத்துல கை வைக்காத" என்று சொன்னேன். தின்னர் நெடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததாக அவன் நினைத்துக்கொண்டு மின்விசிறியைப் போட்டான்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டான். நல்ல காரியம், நிலைவாசலில்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஒட்டினதை மிதிக்கக்கூடாதென்று அவன் வாசலைப் பார்த்துக் குத்தவைத்து, ஒட்டி ஒட்டிப் பின்னாலேயே நகர்ந்து பூஜை அறைக்கு வந்து சேர்ந்தான். ஒரு குமிழிகூட இல்லை, பழுதில்லாத வேலை. காபி கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் தங்கப்பொண்ணு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னா சார், வெரலெல்லாம் தெருவப் பாத்து இருக்கு? அம்மா இல்லாத வீட்ல வெண்ணெய் கிடைக்காதுன்னு கண்ணனும் கெளம்பிட்டாரா?" என்றாள். அவன் தனக்கு முன்னால் விரல் இருக்கும்படி ஒட்டிக்கொண்டே போயிருக்கிறான். நானும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பிய்த்துவிடலாமென்று கத்தியால் நெம்பினேன். ஒட்டு ஒட்டு என்றபோது ஒட்டாதது, இப்போது சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வருகிறவர்களெல்லாம் கண்ணன் பாதத்தை மிதிக்கப் பயந்து சுவரை ஒட்டி நண்டு மாதிரி நடக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, உங்க வீட்ல எப்ப வாராங்க என்று மெதுவாகக் கேட்டாள். இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ போடுகிற பாதத்தில் இடது கால் எப்போதும் கொஞ்சம் சின்னதாக விழும், அதைச் சொல்லி வருடாவருடம் நான் கேலி செய்வேன், நீ மாவுக்கையோடு என்னை அடிக்க வருவாய். இந்த ஸ்டிக்கரில் எல்லாம் ஒரே அளவு. பார்க்கப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இதற்காகவெல்லாம் நீ கவலைப்படாதே. குழந்தைதான் முக்கியம். நான் ஒரு வேளை வடித்து இரு வேளை சாப்பிடுகிறேன். நான் அங்கு வந்து இருப்பதென்பது நடக்காது, விளக்கேற்ற ஒரு ஆள் வேண்டும், தவிர எனக்கு மதுரையைத் தாண்டினால் தூக்கம் வராதென்று உனக்கே தெரியும். மாப்பிள்ளைக்கும் இந்துவுக்கும் என் ஆசி. குழந்தைக்கு முத்தம். எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஜனகராஜ்

பின்குறிப்பு: இதுவரை எழுதியதை, போனைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு, எல்லோருக்கும் படித்துக் காட்டு. இதை நீ மட்டும் படி. சற்றுமுன் வீரணன் சூடு காட்டிப் பாதங்களை எடுக்கிற மெஷினோடு வந்தான், திருப்பி ஒட்டவா என்றான். வேண்டாம், தெருவைப் பார்த்தே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். விளக்கேற்றத் தங்கப்பொண்ணுவிடம் சொல்லியாயிற்று. வைகாசியிலேயே யாருக்கும் தெரியாமல் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன், நேற்று வந்துவிட்டது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன். நீ இல்லாமல் எனக்கு இங்கே முடியவில்லை சுந்தரா. ஒரு வருடமெல்லாம் என்னால் ஆகாது. நான் வாரேன். என் விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் நீயே கேட்டுச் சொல், எனக்குக் கேட்க வெட்கமாக இருக்கிறது.