வேலை செய்யாதவளுக்கு நாலில் ஒரு பங்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். உங்கள் முழங்காலும் தோள்பட்டையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. போன வாரம் உங்கள் அணி விளையாடியதை டி.வி.யில் பார்த்தோம். மாற்று கோல்கீப்பர் என்று உங்களை இரண்டு முறை காட்டினார்கள். ஒரு முறை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள், இன்னொரு முறை பாட்டிலை மூடிக்கொண்டிருந்தீர்கள். இரண்டிலும் முகம் தெளிவாக இருந்தது.

‘உடம்பளவில்’ என்று யோசித்துத்தான் எழுதினேன். உங்கள் மருமகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட “அம்மா, அவர்கிட்ட இருக்கிற உப்பு வேணும்” என்று கேட்கிறாள். பதின்மூன்று வயதில் அப்பா ‘அவர்’ ஆகிவிட்டார். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் எங்கள் வீட்டில் எந்த அறையில் பேசினாலும் மற்ற எல்லா அறைகளுக்கும் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் டிப்போவில், டியூட்டி சார்ட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீங்கள்தான். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கிளப்புக்கு ஓர் ஆராய்ச்சி அம்மா வந்தாரே, நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தால் கிடைத்ததை எப்படிப் பங்கு போடுகிறார்கள், எதை நியாயம் என்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் எப்படி, சம்பளத்துக்கு விளையாடும் வீரர்கள் எப்படி என்று படித்துக்கொண்டிருப்பவர். அவரிடம் “எங்க அக்கா பொண்ணு படிக்கிற ஸ்கூலுக்குப் போங்க, நல்லா ஒத்துழைப்பாங்க” என்று வழிகாட்டியது நீங்கள். அவரும் வந்தார். நல்ல மனுஷிதான். நான் பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவன் என்று தெரிந்ததும், “அப்ப நியாயம்தான் உங்க தினசரி வேலை” என்றார். இத்தனை வருஷத்தில் என் வேலையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. யாரும் விரும்பாத மேட்டு ரூட்டை எப்படிச் சுழற்சியில் போடுகிறேன், காலை ஷிப்டுக்கும் கடைசி ஷிப்டுக்கும் எப்படி ஈடுகட்டுகிறேன் என்று விளக்கோ விளக்கென்று விளக்கினேன். அவர் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார். அப்புறம் எங்கள் டிரைவர்களிடம் போய் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எல்லோரும் தனித்தனியாக ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம்: “மத்தவங்களுக்கெல்லாம் சரியாத்தான் போடுறார், எனக்கு மட்டும்தான் இடிக்குது.” இது எனக்குப் பாராட்டா, திட்டா என்று கேட்டேன். “தகவல்” என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்தார்கள். இரண்டு மேஜைகளுக்கு நடுவில் செய்தித்தாளையும் ஒட்டும் டேப்பையும் மட்டும் வைத்துப் பாலம் கட்ட வேண்டும், அதன் மேல் புத்தகங்களை அடுக்குவார்கள், அதிகம் தாங்குகிற பாலத்துக்கு ஒரு டப்பா சாக்லேட். அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது அந்த நாலு பேரின் பாடு, டீச்சர் தலையிடக் கூடாது. பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. நான் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். நம் பெண்ணின் குழுவில், கணக்கில் புலியான ஒரு பெண், அவளைக் கம்ப்யூட்டர் என்பார்கள். மூச்சுவிடாமல் பேசுகிற ஒரு பையன், அவன் ரேடியோ. மூன்றாவது, மேஜைக்கு அடியில் அடங்காத கால்களோடு ஒரு நெட்டை. நாலாவது உங்கள் மருமகள்.

மாப்பிள்ளை, அவள் எதுவும் செய்யவில்லை. மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் தாளைச் சுருட்டக் கற்றுக்கொடுக்கிறது, நெட்டை சுருட்டுகிறது, ரேடியோ டேப்பை ஒட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறது, நம் பெண் ஒரு கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டேப்பை எடுத்துக் கொடுப்பாள் என்று பார்த்தேன், கொடுக்கவில்லை. பாலம் ஒரு முறை சாய்ந்தது, மூன்று பேரும் பாய்ந்து பிடித்தார்கள், இவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினாள். எனக்கு உட்கார்ந்த இடத்தில் முள். வாயைத் திறக்கக் கூடாது என்பதால் இருமினேன். ஆராய்ச்சி அம்மா என்னைப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். கடைசியில் அவர்கள் பாலம்தான் ஜெயித்தது. டப்பாவைப் பிரித்தார்கள். கம்ப்யூட்டர் நாலு குவியலாக வைத்தது, நாலும் ஒரே அளவு. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோகூட.

வரும் வழியில் அவளே கேட்டாள்: “நான் எதுவுமே செய்யலையேப்பா, எனக்கு ஏன் குடுத்தாங்க?”

இப்படி ஒரு கேள்விக்காக அப்பாக்கள் எத்தனை வருஷம் காத்திருக்கிறோம் சொல்லுங்கள். நான் பஸ் ஸ்டாப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். உழைப்பு, பங்கு, மனசாட்சி, சார்ட்டில் பேர் இருந்தும் வண்டி எடுக்காத டிரைவர் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, “அதனால நாளைக்குத் திருப்பிக் குடுத்துடு” என்று முடித்தேன். அவள், “அப்படிக் குடுத்தா அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்ப்பா” என்றாள். “அப்ப வச்சுக்கிறது?” என்றேன். “அதுவும் கஷ்டமாத்தான் இருக்கு” என்றாள். சாக்லேட்டில் ஒன்றைக்கூட அவள் பிரிக்கவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன். இந்தப் பிள்ளை தவிக்கிறது, கூச்சத்தில் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை, அப்பன் எதற்கு இருக்கிறான் என்று மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு நானே பள்ளிக்குப் போனேன்.

அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எனக்கே நன்றாக இருக்காது. இடைவேளையில் மூன்று பேரையும் பிடித்து, “இந்தாங்க, இது உங்களுக்குச் சேர வேண்டியது, என் பொண்ணு வேலை செய்யல” என்றேன். நெட்டை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. ரேடியோவுக்குப் பேச்சு நின்று கண் கலங்கியது. கம்ப்யூட்டர் மட்டும், “அப்ப அவ எங்க டீம் இல்லையா அங்கிள்?” என்று கேட்டது. டீம்தான்மா, ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். “அவளுக்கு நேத்து மனசு சரியில்ல போல” என்றது நெட்டை. “இல்ல, அவ சும்மா இருந்தா எனக்குப் பேச நல்லா இருக்கும்” என்றது ரேடியோ. “எனக்கு நாலாலதான் வகுக்க வந்துச்சு” என்றது கம்ப்யூட்டர். மூன்று பேருக்கு மூன்று காரணம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இவள் ஏதோ கண்ணுக்குத் தெரியாத உதவி செய்திருப்பாள், அது இவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது எனக்கு. துருவித் துருவிக் கேட்டேன். அப்படி ஒன்றுமே இல்லை. அப்போது நம் பெண் படியிறங்கி வந்தாள். என் கையைப் பார்த்தாள், அதில் இருந்ததைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். சாயங்காலமே குழுவிலிருந்து விலகிவிட்டாள். இரண்டாவது சுற்று வரும் சனிக்கிழமை, நாலு பேர் இல்லாமல் ஆட முடியாது. ஆராய்ச்சி அம்மா எனக்குப் போன் செய்து, “சார், பங்கு போட்டு முடிச்ச பிறகு வெளியிலிருந்து ஒருத்தர் வந்து கலைப்பார்னு நாங்க யோசிக்கவே இல்ல” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவரிடமே கேட்டேன், வேலை செய்யாதவளுக்கு ஏன் கொடுத்தார்கள், காரணம் வேண்டாமா என்று. “காரணம் இருந்தாத்தான் குடுக்கணும்னு நீங்க ஏன் நினைக்கிறீங்க?” என்றார். ஒரு நாள் முழுக்க அதற்குப் பதில் தேடினேன். அன்றைக்கு மேட்டு ரூட்டுக்கு ஒரே டிரைவரை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். அன்று சாப்பிடும்போது நான் மறுபடி நியாயம் பேச ஆரம்பித்தேன். அவள் தட்டைப் பார்த்தபடியே, “அம்மா, மாமா ஒரு மேட்ச்கூட ஆடாம கப் ஜெயிச்ச மெடல் வாங்கினாரே, அப்ப இவரு அந்த மெடல் ஃபோட்டோவை டிப்போ முழுக்கக் காட்டினாரே, ஏன்னு கேளு” என்றாள். வாஸ்தவம்தான். காட்டினேன். கேஷியரில் ஆரம்பித்து டயர் மாற்றுகிறவர் வரை ஒருவரையும் விடவில்லை. என் மச்சான் என்றுதான் காட்டினேனே தவிர, எத்தனை பந்து பிடித்தார் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. “மாமா தினமும் பிராக்டிஸ் பண்றார், அவர் உழைக்கிறார்” என்றேன். “அம்மா, அப்ப மாமா அந்த மெடலை ஏன் நம்ம வீட்டுல வச்சிருக்காரு?” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. உங்கள் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது பீரோவில் போர்வைகளுக்கு அடியிலிருந்து உங்கள் மெடலை எடுத்துக் காட்டினாள். “வாங்கின மாசமே குடுத்துட்டுப் போனான். என் வீட்டுல இருந்தா தினமும் கண்ணுல படுதுக்கா, நீ வச்சுக்கோன்னான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னான்” என்றாள். ஏன் என்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று கேட்டேன். “நீங்க அதைச் சந்தோஷமா எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருந்தீங்க” என்றாள்.

ஆராய்ச்சி அம்மா உங்கள் கிளப்பைப் பற்றி, பெயர் எதுவும் சொல்லாமல், ஒரு விஷயம் சொல்லியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தவருக்கும் அதே மெடல் கொடுப்பது சரியா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாராம். களத்தில் ஆடியவர்கள் அத்தனை பேரும் சரிதான் என்றார்களாம். சரியில்லை என்று சொன்னவர்கள் எல்லாம் பெஞ்சில் இருந்தவர்களாம். அதைக் கேட்டபோது விளையாட்டுக்காரர்கள் விசித்திரமானவர்கள் என்று நினைத்தேன். போர்வைக்கு அடியில் அந்த மெடலைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. கொடுக்கிறவர்களுக்கு லேசாக இருக்கிறது. வாங்குகிறவர்தான் ராத்திரி பகலாகக் கணக்குப் பார்க்கிறார். உங்களுக்கு இத்தனை வருஷமாக இது இருந்திருக்கிறது, நான் ஒவ்வொரு தடவை நீங்கள் வரும்போதும் “இந்த சீசனாவது இறக்குவாங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இருந்தாலும் என் கொள்கை மாறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். உழைக்காததை வாங்கக் கூடாது. அதனால் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள். அவள் உங்கள் பேச்சைக் கேட்பாள். மாமாவுக்கும் அது உறுத்தியது, அதனால்தான் கண் மறைவில் வைத்தேன், அப்பா செய்தது முறைதான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் உறுத்தியது என்பதை மட்டும் சொல்லுங்கள், முறை என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கைகளுக்கு நல்ல பந்துகள் வரட்டும், வராவிட்டாலும் கைகள் பத்திரமாக இருக்கட்டும். கோச்சுக்கு என் வணக்கம். அக்கா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். மருமகள் ஏதும் சொல்லவில்லை, சொன்னாலும் என் மூலமாகச் சொல்ல மாட்டாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அத்தான்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றியதில் சனிக்கிழமை வந்துவிட்டது. மேலே எழுதியதில் நலம் விசாரித்த பகுதி மட்டும் செல்லும். மீதியை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரும் ரேடியோவும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள், எங்கள் வீட்டிலும் காதில் விழாமல் பேச முடிகிறது. காலையில் அவள் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தால் நெட்டைக்குக் காய்ச்சல், ஆள் குறைகிறது. ரேடியோ பின்வரிசையைக் காட்டி, “அங்கிள் சும்மாதானே உட்கார்ந்திருக்காரு” என்றது. ஆராய்ச்சி அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

இந்தத் தடவை கோபுரம், அதன் உச்சியில் ஒரு பந்து நிற்க வேண்டும். நம் பெண் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்தாள். கோபுரம் லேசாகச் சாய்ந்த மாதிரி எனக்குப் பட்டது. நிமிர்த்தலாம் என்று கையை நீட்டினேன். சட்டைக் கை பட்டன் டேப்பில் ஒட்டிக்கொண்டது. நான் கையை இழுத்தேன், கோபுரமும் கூடவே வந்தது. பந்து உருண்டு அடுத்த குழுவின் காலடிக்குப் போனது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. “நீங்க இப்படி உட்காருங்க அங்கிள்” என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். மறுபடி கட்டினார்கள். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் இடம், ஆறுதலுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். கம்ப்யூட்டர் நாலு குவியலாக வைத்தது, ஒன்றை என் பக்கம் நகர்த்தியது. காரணம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். பசி வேறு. ஆராய்ச்சி அம்மா பேனாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பி, இத்தனை நாளில் முதல் தடவையாக, என்னிடமே கேட்டாள்:

“திருப்பிக் குடுக்கலயாப்பா?”

வாய் நிறையப் பிஸ்கட் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.