கோடு போட்ட மரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன்.

உன் அக்கா நினைவு நாளுக்கு, பறவைகள் சரணாலயத்தில் அவள் பெயரில் நட்ட மரத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னாய். வர வேண்டாம். மரம் இல்லை. வெட்டியவன் நான்.

ஆத்திரப்படாமல் கேள். அவள் போனபின் அவளுக்குப் பதிலாக நான் அங்கே தொண்டு வேலைக்குப் போகிறேன் அல்லவா, குளிர்காலத்தில், பறவைகள் கூடு கட்டுமுன், ஏரிக்கரையை அடைக்கும் புதரையும் தானாக முளைத்த மரங்களையும் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அதுகள் இறங்க இடமிருக்காது. விட்டுவைக்க வேண்டிய மரங்களுக்குச் சரணாலயக் காப்பாளர் அம்மா வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார். காலையில் விளக்கிச் சொன்னாராம், நான் அப்போது ரப்பர் பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முன் வருஷங்களில் வெட்டிய புதரைச் சுமந்ததோடு சரி, ரம்பம் பிடித்தது இதுதான் முதல் தடவை. ஆயுசு முழுக்கத் தையல்காரனாக இருந்தவன், கோட்டைக் கண்டால் கை சும்மா இருக்குமா? எப்போதும் பாதை வழியாக வருகிறவன், அன்று தண்ணீர்ப் பக்கமிருந்து நுழைந்தேன், ஒரே பனி, இலையில்லாத மரமெல்லாம் ஒன்றுபோல் நின்றது. கோட்டின் மேலேயே பிசிறில்லாமல் அறுத்தேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் கன்றுகளை வேரோடு பிடுங்கிக்கொண்டே, "என்ன சுத்தம்ங்க உங்க கை" என்று மெச்சினார். சாய்ந்தபின்தான் கிளையில் பொத்தானைப் பார்த்தேன். நட்ட அன்று நானே கட்டியது, உன் அக்கா ஸ்வெட்டர் பொத்தான்.

"ஐயா, கோடு போட்டா தொடக்கூடாதுன்னுதானே சொன்னேன்" என்று காப்பாளர் அம்மா ஓடி வந்தார். பொத்தானைப் பார்த்ததும் என் கையிலிருந்த ரம்பத்தை வாங்கிக்கொண்டார். அவளை மறுபடி சாகக் கொடுத்த மாதிரி இருந்தது, அதுவும் என் கையாலேயே. இனி அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்லா இருக்கணும், ரம்பம் தொடாமல் இருக்கணும்.

உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் காப்பாளர் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்க வெட்டினது உங்க வீட்டு அம்மா பேர்ல நட்ட மரமே இல்லங்க. அது முதல் கோடையிலயே பட்டுப்போச்சு. உங்ககிட்ட சொல்ல மனசு வரல. பக்கத்துல தானா முளைச்ச ஒண்ணுல பொத்தானை மாத்திக் கட்டிட்டோம். வெட்ட வேண்டிய ஜாதிதான், உங்களுக்காகத்தான் வருஷா வருஷம் கோடு போட்டு விட்டுவச்சோம்" என்றார். ஆக, அன்று சரியான மரத்தை வெட்டிய ஒரே ஆள் நான்தான். இத்தனை நாளும் வீட்டுக் கதை, வயிற்று வலி எல்லாம் ஒரு களையிடம் சொல்லியிருக்கிறேன். பாவம், அதுவும் கேட்டுக்கொண்டுதான் நின்றது. இனி அதுவும் இல்லை. நீ வந்துவிடு.