நரி கடித்த பழம்

கொம்மட்டி நாட்டில் வெயிலுக்கும் பஞ்சமில்லை, தர்பூசணிக்கும் பஞ்சமில்லை. குடிகள் பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். சந்தேகம் தீராவிட்டால் கடைக்காரரே முக்கோணமாக ஒரு துண்டு கீறிக் காட்டுவார். எல்லாம் இப்படி ஒழுங்காக நடந்தால் அப்புறம் அரசாங்கம் எதற்கு?

முத்திரை மந்திரி மகுடநாதர் சபையில் எழுந்தார்.

"மன்னா, தட்டுவது என்றால் சந்தேகம். இன்று பழத்தைத் தட்டுகிறவன் நாளை எதைத் தட்டுவான்?"

மன்னருக்குத் திக்கென்றது. தட்டத் தடை வந்தது, கீறவும் தடை வந்தது. இனி அரண்மனையே 'பழுத்தது' என்று முத்திரை குத்தும்; குடிகள் நம்பி வாங்க வேண்டியது. வீட்டில் வெட்டினால் முள்ளங்கி நிறம். புகார் சொன்னவர்களிடம், "வெள்ளையும் ஒருவகைச் சிவப்பே" என்று மந்திரி பொறுமையாக விளக்கினார்.

மாட்டிக்கொண்டவன் நெசவாளி மாரப்பன். அவன் மனைவி செல்லாயி மாசமாக இருந்தாள். சோற்றைக் கண்டாலே குமட்டல்; இனிப்பாய் ஒரு கீற்று தர்பூசணி கிடைத்தால் போதும் என்றாள். வாங்கிய முத்திரைப் பழமெல்லாம் வெள்ளை. பாவம், அவள் வாடிப்போனாள்.

"மாமா, கோட்டைக்கு வெளிய குப்பைமேட்டுக்குப் போய்ப் பாருங்க. நரி கடிச்ச பழத்தையெல்லாம் அங்கதான் கொட்டுறாங்களாம். காயை நரி கடிக்குமா?"

நரி கடித்தவற்றை 'அந்நியத் தலையீடு' என்று அரண்மனை தள்ளுபடி செய்திருந்தது. மாரப்பன் போனபோது மேட்டில் கூடையோடு இன்னொருவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அரண்மனைச் சமையற்காரர்!

"நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"உஷ்! எல்லாம் ராஜாவுக்குத்தான்ப்பா. முத்திரைப் பழத்தை அவர் தொடுறதே இல்ல."

மாரப்பன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். கடிபட்ட இடத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு வெட்டினான். செக்கச்செவேல்! செல்லாயி முழங்கை வரை சாறு வழியத் தின்றாள்.

"அப்பாடா, இப்பத்தான் உசுரே வந்துச்சு."

சேதி தெருத்தெருவாகப் பரவியது. ஊரே வயிறு குளிர்ந்தது.

பிறகு சபைக்குத் தேர்தல் வந்தது. பிடித்தவர் முன்னால் கூழாங்கல் வைப்பது அந்நாட்டு வழக்கம். அரண்மனை முத்திரை பெற்ற வேட்பாளர்கள் பந்தலில் மாலையோடு அமர்ந்தார்கள். கேள்வி கேட்டதற்காகத் தள்ளுபடியானவர்கள் கோட்டைக்கு வெளியே வெயிலில் நின்றார்கள்.

உச்சிவேளை ஆகியும் பந்தலில் ஈ காக்கை இல்லை. மகுடநாதர் சேவகனைக் கூப்பிட்டார்.

"ஜனங்க எங்கேய்யா?"

"குப்பைமேட்டுப் பக்கம் போறாங்க, எசமான்."

"பழம் பொறுக்கவா?"

"யார் கையிலயும் கூடை இல்லீங்க, கல்லுதான் இருக்கு." சேவகன் தலையைச் சொறிந்தான். "நானும் ஒரு எட்டு போயிட்டு வந்துரட்டுங்களா?"