பாதி அடைத்த வாசல்

மழை பொய்த்த ஓர் ஆண்டில் மணற்கோட்டம் என்னும் நாட்டின் சபைக்கு ஒரு மசோதா வந்தது. கீழ்த்தெருக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பதால்தான் மேகம் கலைகிறது. ஆகவே அவர்களை வீட்டுக்குள் வைத்து வாசல்களைச் செங்கல்லால் அடைக்க வேண்டும்.

வலப்பக்கத்தார் அடை என்றார்கள். இடப்பக்கத்தார் அடைக்காதே என்றார்கள். அந்தச் சபையில் வாக்கெடுப்பு கிடையாது. நடு இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்து பாதியைச் சொன்னால் அதுவே சட்டம். அப்போது அந்த இருக்கையில் இருந்தவர் அம்பலவாணர். மிதமானவர். குரலை உயர்த்தியதே இல்லை.

"பாதி வாசலை அடைக்கலாம்," என்றார்.

சபாநாயகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாண்புமிகு உறுப்பினர் ஒரு தெருவையே காப்பாற்றிவிட்டார்!"

அம்பலவாணருடைய மனைவி வல்லி கீழ்த்தெருவில் பிறந்தவள். சட்டப்படி அவளும் தாய்வீட்டுக்குள் போக வேண்டும். அவரே கொண்டுபோய் விட்டார். கொத்தனார் வேலையை முடித்தபோது பாதிச் சுவருக்கு மேலே அவள் முகம் தெரிந்தது.

"எப்பங்க வந்து கூட்டிட்டுப் போவீங்க?"

"அடுத்த கூட்டத்துல பேசிடறேன், வல்லி."

"வழக்கம்போல இழுக்காதீங்க. முழுசா பேசுங்க."

மழை வரவில்லை. அடுத்த கூட்டத்தில் வலப்பக்கத்தார் மீதி வாசலையும் அடை என்றார்கள். இடப்பக்கத்தார் இருப்பது இருக்கட்டும் என்றார்கள். சுவரே கூடாது என்று முன்பு சொன்னவர்கள் தாங்கள்தான் என்பது அவர்களுக்கே நினைவில்லை. அம்பலவாணர் எழுந்தார். மீதியில் பாதி போனது. அதற்கடுத்த கூட்டத்தில் அதிலும் பாதி. வாசல் ஜன்னலாயிற்று. ஜன்னல் கையளவு ஆயிற்று. தட்டு நுழையாததால் கஞ்சியைக் குழாய் வைத்து ஊற்றினார்கள். அதற்கு 'அம்பலவாணர் குழாய்' என்று பெயர் சூட்டினார்கள்.

கடைசியில் விரலளவுத் துளை மிஞ்சியது. அதை மூடக்கூடாது என்று தேர்தல் அதிகாரி உறுதியாக நின்றார். "மை வைக்க விரல் வேண்டும். மக்களாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா?" மை வைக்கப்பட்ட விரல், பதவியில் இருக்கும் உறுப்பினரான அம்பலவாணருக்கே வாக்களித்ததாகக் கொள்ளப்படும் என்று விதியும் செய்தார்.

தேர்தல் நாளில் கீழ்த்தெரு நெடுக, சுவர்களிலிருந்து விரல்கள் நீண்டிருந்தன. ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. அம்பலவாணர் அதிகாரியோடு நடந்து வந்தார். வல்லியின் வீட்டுத் துளையில் இருந்த விரல் மெலிந்து வெளுத்திருந்தது. அதிகாரி தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, சில்லுனு இருக்குங்க. உயிர் இருக்கா, இல்லையா? இருந்தா மை வைக்கணும். இல்லேன்னா பேரை அடிச்சிடணும். நீங்கதானே வீட்டுக்காரர், சொல்லுங்க."

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். விரலைப் பிடித்துப் பார்த்திருக்கலாம். அம்பலவாணர் சற்று யோசித்தார்.

"பாதி மை வையுங்க," என்றார்.

விரல் மெதுவாக உள்ளே போனது. உள்ளிருந்து யாரோ ஈர மண்ணை அப்பித் துளையை அடைப்பது கேட்டது. பக்கத்து வீட்டு விரலும் உள்ளே போனது. அதற்கடுத்ததும். தெருக்கோடி வரை.

எதிர்ப்பு எதுவும் பதிவாகாததால் அம்பலவாணர் வென்றதாக அறிவித்தார்கள். சபை கூடியது. கீழ்த்தெரு மக்கள் தாமாகவே முன்வந்து சட்டத்தை நிறைவு செய்ததைச் சபாநாயகர் பாராட்டினார். முதன்முறையாக இரு பக்கத்தாரும் சேர்ந்து மேசையைத் தட்டினார்கள்.

தட்டி ஓய்ந்த பிறகும் தட்டும் சத்தம் ஓயவில்லை. அது சபையின் சுவர்களுக்குள்ளிருந்து வந்தது. எல்லோரும் நடு இருக்கையைப் பார்த்தார்கள்.

அம்பலவாணர் எழுந்தார். சத்தத்தில் பாதியை அனுமதிக்கலாம் என்றார்.