ஒன்பது மாதக் குழந்தையின் வணிகக்குறி மீறல்

தலைமகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயரை வைக்க வேண்டும் என்று எங்கள் கிரேக்கத் தீவில் எந்தச் சட்டமும் கிடையாது. சட்டம் இல்லாததால்தான் எல்லோரும் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

என் மாமனார் நிக்கிதாஸ் வவூலாஸ். மலைச்சரிவில் தேனீ வளர்க்கிறார். அவருக்கு மூன்று மகன்கள். ஆகவே மூத்தவரின் பையன் நிக்கிதாஸ் வவூலாஸ், ஏதென்ஸில் இருக்கிறான். இரண்டாமவரின் பையனும் நிக்கிதாஸ் வவூலாஸ், படகில் இருக்கிறான். கடைக்குட்டி பெத்ரோஸ் என் கணவர். எங்கள் பையன் ஒன்பது மாதமாகத் தொட்டிலில் இருக்கிறான். ஞானஸ்நானம் ஆகும்வரை அவனுக்குப் பெயர் கிடையாது, வெறும் பாப்பா.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு ஞானஸ்நானம் என்று குறித்தோம். ஆட்டுக்குச் சொல்லியாயிற்று. சர்க்கரை பூசிய பாதாம் வாங்கியாயிற்று. பாப்பா படத்தைப் போட்டு, "விரைவில் உங்கள் முன் நிக்கிதாஸ் வவூலாஸ்!" என்று என் இணையப் பக்கத்தில் எழுதினேன். அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் பக்கத்தையே காணோம். அதற்குப் பதிலாக ஒரு கடிதம் இருந்தது.

"மதிப்பிற்குரிய பயனருக்கு, பிறருடைய பதிவுபெற்ற வணிகக்குறியைத் தாங்கிய போலிச் சரக்கைத் தாங்கள் விளம்பரம் செய்துள்ளீர்கள். மேற்படி சரக்கை உடனடியாக அழித்துவிட்டு எமக்குத் தெரிவிக்கவும்."

மேற்படி சரக்கு அப்போதுதான் பால் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது.

ஏதென்ஸ்காரன் தாத்தா பெயரை டிரேட்மார்க் செய்து இணையத்தில் தேன் விற்பது எனக்குத் தெரியும். போன் போட்டேன்.

"ஏன்டா, உன் தம்பி பேரையே நிறுத்திட்டியாமே?"

"ஐயோ, நான் இல்ல சித்தி! சாஃப்ட்வேர் வெச்சிருக்கேன். நம்ம பேரை எவன் போட்டாலும் அதுவே தேடிப் பிடிச்சுப் புகார் குடுத்திடும். இதுவரைக்கும் முப்பது போலியைப் பிடிச்சிருக்கு."

"அதுல எத்தனை பேரு நம்ம சொந்தம்?"

"...இருபத்தொம்பது."

"சரி, இந்தப் புகாரை வாபஸ் வாங்கு."

"வாங்கிப் பார்த்தேன் சித்தி. நிக்கிதாஸ் வவூலாஸ்னு சொல்லிக்கிட்டு யார் வந்தாலும் நம்பாதேன்னு அதுக்கு நான்தான் சொல்லி வெச்சேன். இப்ப என்னையே நம்ப மாட்டேங்குது."

பக்கம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நகராட்சியின் பெயர்ப் பதிவும் இப்போது இணையத்தில்தான். அங்கேயும் அந்தப் பெயரைத் தட்டினால் சிவப்பு எழுத்து: "உரிமை பெற்ற குறி." பதிவு எண் வராமல் பிள்ளையைத் தண்ணீரில் முக்க மாட்டேன் என்று பாதிரியார் கையை விரித்துவிட்டார். ஞானஸ்நானத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

மாமனாரையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு, துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கடையின் மாடியிலிருக்கும் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி திருமதி உரானியா கோப்பையிலிருந்த குளிர்ந்த காபியை உறிஞ்சியபடி பாப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை எந்தச் சரக்கு வகையில சேர்க்கறீங்க?"

"சரக்கு இல்லைங்க, பிள்ளை."

"இணையத்துல படம் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

"நூத்தி இருபது பேர்."

"அப்ப சந்தைக்கு வந்தாச்சு. தேன் வாங்க வர்றவங்க குழம்பிப்போய் உங்க பிள்ளையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா?"

"மோந்து பார்த்தா தெரிஞ்சிடுங்க."

அவர் அதையும் குறித்துக்கொண்டார். மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, இந்தப் பேரு எழுபத்துநாலு வருஷமா என்கிட்ட இருக்கு!"

திருமதி உரானியாவின் முகம் மலர்ந்தது. "முன்பயன்பாடு! அப்படின்னா உரிமை உங்களுக்குத்தான். ஆதாரம்?"

மாமனார் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"இது செல்லாது. இணையத்துல இருக்கிற ஆதாரம் வேணும். இணையத்துல இல்லாதவர் இல்லாதவர்தான்."

"அப்ப இங்க நிக்கறது யாரு?"

"அதைத்தான் நீங்க நிரூபிக்கணும்."

பெத்ரோஸ் இரண்டு நாள் தூங்காமல் தேடினார். கடைசியில் அகப்பட்டது. பதினாறு வருஷத்துக்கு முன் சுற்றுலா வந்த ஒரு ஜெர்மன்காரம்மா போட்ட படம். காபிக்கடை நாற்காலியில் மாமனார் வாயைத் திறந்து தூங்குகிறார். தலைக்கு மேல் பலகை: "நிக்கிதாஸ் வவூலாஸ் – தேன்." படத்துக்குக் கீழே அந்தம்மா எழுதியிருந்தது: "இந்தத் தீவில் எல்லோரும் கடுமையாக உழைக்கிறார்கள்."

திருமதி உரானியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "உறங்கும் நிலையிலும் இடையறாப் பயன்பாடு" என்று எழுதி முத்திரை குத்தினார். டிரேட்மார்க் மாமனாருக்கு மாறியது. அதோடு ஒட்டியிருந்த சாஃப்ட்வேரும் மாறியது. அதற்கு உறவுமுறை தெரியாது. கால் மணி நேரத்தில் ஏதென்ஸ்காரனின் இணையக் கடையைக் காணோம்.

"சித்தி, தாத்தாகிட்ட நீங்க சொல்லுங்க!" என்று போனில் அழுதான்.

"நீயே சொல்லேன்டா."

"சொன்னேன். எழுத்துமூலமா விண்ணப்பிக்கச் சொல்றாரு."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாமனார் முத்திரையும் மைப்பெட்டியும் வாங்கியிருந்தார். காபிக்கடையில் தூங்குவதை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து முதல் ஒரு மணிவரை உட்கார ஆரம்பித்திருந்தார். படகு நிக்கிதாஸ் தன் பெயருக்கு அனுமதி கேட்டு இரண்டு முறை போய் வரிசையில் நின்றான்.

நகராட்சியிலிருந்து பதிவு எண் வந்தது. ஞாயிறும் வந்தது. ஞானத்தாய் உள்ளே பெயரை உரக்கச் சொல்லும்வரை பெற்றவள் கோயிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். யாராவது ஓடிவந்து பெயரைச் சொன்ன பிறகுதான் உள்ளே போகலாம். அது எங்கள் வழக்கம். நின்றேன். உள்ளே பாப்பா அலறுவது கேட்டது. பெயர் மட்டும் வரவில்லை. மாமனார்தான் வந்தார். கையில் தடித்த காகிதக் கட்டு. பின்னாலேயே திருமதி உரானியா.

"ஒரு கையெழுத்துப் போடும்மா மெல்பொ. உரிமம்."

"மாமா! உங்க பேரன்!"

"பேரன்தான். அதனாலதான் கட்டணம் இல்லாம தர்றேன். சீக்கிரம் போடு. பிள்ளை உடம்பெல்லாம் ஞானஸ்நான எண்ணெய். பாதிரியாருக்குக் கை வழுக்குதாம்."

நாற்பத்தொரு பக்கம். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, 'அனைத்தையும் படித்துப் புரிந்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மாமனார் உள்ளே பார்த்துக் கையசைத்தார். பெயர் ஒலித்தது. தண்ணீர் தெறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆட்டிறைச்சி சாப்பிடும்போதுதான் கேட்டேன்: "மாமா, அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? எனக்குக் குடுத்தப்ப நானும் கடைசிப் பக்கத்துலதான் போட்டேன்."

திருமதி உரானியாவைப் பார்த்தேன். அவர் எலும்பைக் கீழே வைத்தார்.

"எனக்கும் மேலிடத்துலேருந்து அப்படியே வந்ததுதான். மேலிடத்துக்கு அதுக்கும் மேலேருந்து வந்திருக்கும்."

நாற்பத்தொரு பக்கத்தில் என் பிள்ளையை யாருக்கு எழுதிக் கொடுத்தேனோ, இன்றுவரை தெரியாது. சிரிக்காதீர்கள். நீங்கள் கடைசியாக 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியது எதற்கு?