டில்லிபாபுவுக்கு வந்த பூனை அலர்ஜி

இனிமேல் இந்த வீட்டில் ஒன்று பூனை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் இருக்க வேண்டும் என்று டில்லிபாபு ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தீர்மானம் செய்தார். தீர்மானம் உறுதியானதுதான். அதை மனைவி எழிலரசியிடம் சொல்வதில்தான் சிக்கல். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் அவள் யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ள மாட்டாள். பூனை சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்வதில்லை. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதில்லை.

அதனால் தீர்மானத்தை மனசுக்குள்ளேயே ஏகமனதாக நிறைவேற்றிவிட்டு, போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார்.

மேலே தகர ஷீட்டில் கச்சேரி தொடர்ந்தது.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு பிராக்கெட் செய்யும் கம்பெனி ஒன்றில் டில்லிபாபு குவாலிட்டி கண்ட்ரோல். அவர் ஓகே ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரு பிராக்கெட்டும் வெளியே போகாது. வீட்டில் அந்தக் கண்ட்ரோல் எல்லாம் கிடையாது. அவருடைய குவாலிட்டி என்னவென்று எழிலரசிதான் அவ்வப்போது சொல்லுவாள். அந்த மாதம் முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட். காலை ஏழரைக்கு கம்பெனி பஸ் பிள்ளைப்பாக்கத்தில் இறக்கிவிடும். குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு, எட்டரைக்குப் படுத்தால் ஒன்பது மணிக்குத் தூக்கம் வரும். ஒன்பதேகாலுக்குப் பூனைகள் வரும்.

வீட்டுப் பூனை ஒன்றே ஒன்றுதான். பெயர் ஜூலி. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கில் மட்டும் மை கொட்டின மாதிரி ஒரு கறுப்பு. ஜூலி சத்தமே போடாது. அதற்காகச் சத்தம் போடத்தான் தெருவில் நாலு கடுவன்கள் இருந்தனவே. எழிலரசி நாலுக்கும் பெயர் வைத்திருந்தாள்: மேஸ்திரி, கான்ட்ராக்டர், மொட்டவாலு, மாப்பிள்ளை. துணி துவைக்கிற இடத்துக்குமேல் போட்டிருந்த ஷீட்டில்தான் நாலும் கூடும். ஒன்று பச்சைக் குழந்தை மாதிரி அழ ஆரம்பிக்கும். இன்னொன்று கன்டெய்னர் லாரி பிரேக் பிடிக்கிற மாதிரி பதில் சொல்லும். பிறகு நாலும் கட்டிப்பிடித்து உருளும். ஷீட்டுக்கு நேர் கீழேதான் படுக்கை அறையின் ஜன்னல்.

"எழிலு! அத்த தொரத்தேன்!"

"தொரத்தினா போவுதா? உங்கள தூங்குங்கன்னா நீங்க தூங்கறீங்களா?"

"எப்டி தூங்கறது? தலமேல டான்ஸ் ஆடினு கீது!"

"அதுங்க பொண்ணு பாக்க வந்துகீதுங்க. நீங்க என்னிய பொண்ணு பாக்க வந்தப்ப உங்க சித்தப்பா போட்ட சத்தத்துக்கு இது கம்மிதான்."

டில்லிபாபு தலையணையை எடுத்துக் காதுமேல் அமுக்கிக்கொண்டார்.

விஷயம் வெறும் தூக்கத்தோடு நிற்கவில்லை. போன வாரம், கண் சொருகிப்போய், துளையே போடாத பிராக்கெட் நாற்பதுக்கு வரிசையாக ஓகே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டார். சூப்பர்வைசர் சங்கரநாராயணன் அதில் ஒன்றை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "டில்லி, இதுல துளை எங்க இருக்குன்னு நீயே காட்டு. இல்லாத துளைக்கு ஓகே போட்டவன்தானே நீ?" என்றார். இன்னொரு தடவை நடந்தால் லைனிலிருந்து எடுத்து கேட்டில் ரெஜிஸ்டர் எழுத உட்கார வைத்துவிடுவேன் என்றும் சொன்னார். பதினெட்டு வருஷ சர்வீஸ். டில்லிபாபு வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் நம்பிராஜனிடம்தான் சொன்னார். நம்பிராஜன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். வாடகை ரூமில் ஆறு பேரோடு இருப்பவன். ஆறு பேர் குறட்டையிலும் தூங்கக் கற்றவன்.

"அண்ணாச்சி, வீட்டுப் பூன இருக்கப்போயித்தான வெளிப் பூன வருது? அத யாருக்காச்சும் குடுத்துருங்க."

"எம் பொண்டாட்டிய பத்தி தெரியாம பேசற."

"அப்போ அலர்ஜின்னு சொல்லுங்க. எங்க மாமா ஒருத்தரு மாமியா வீட்டு நாய அப்படித்தான் கெளப்புனாரு. நாலே தும்மல். நாயி மறுநாளே தூத்துக்குடிக்குப் போயிட்டு."

"எனுக்கு தும்மலே வராதேப்பா."

"வரவழைக்கணும் அண்ணாச்சி. மூக்க மேல தூக்குங்க. கண்ண சொருகுங்க. ஹா, ஹான்னு ரெண்டு தடவ இழுத்து, மூணாவதா விடுங்க."

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து பிள்ளைப்பாக்கம்வரை டில்லிபாபு விட்டுக்கொண்டே வந்தார். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். பயிற்சி போதும் என்று தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜூலி வந்து காலைச் சுற்றியது.

"ஹா... ஹா... ஹச்!"

எழிலரசி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னா ஆச்சி?"

"தெரில எழிலு. இந்த பூன கிட்ட வந்தாலே ஒரு மாதிரியா... ஹச்! நம்ம கம்பெனில ஒருத்தனுக்கு இப்டித்தான் இருந்துச்சாம். அலர்ஜியாம்."

"அய்யய்ய! இருங்க, ஜாஸ்மின கூப்புடறேன்."

டில்லிபாபு இதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஜாஸ்மின் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். எழிலரசிக்கு உயிர்த் தோழி. டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்தாள். கண்ணை இழுத்துப் பார்த்தாள், மூக்கில் டார்ச் அடித்தாள்.

"அண்ணா, அலர்ஜின்னா எதுனாலன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும். பூனையா இருக்கலாம், சாப்பாடாவும் இருக்கலாம். ரெண்டு வாரம் சாப்பாட்ட நிறுத்திப் பாக்கலாம்."

"சாப்பாட்டயா?"

"முழுசா இல்லண்ணா. மீன், கருவாடு, எறா, முட்ட, கத்திரிக்கா, தக்காளி, வேர்க்கல்ல. அவ்ளோதான். அப்பவும் தும்மல் நிக்கலன்னா பூனதான்."

"பூனதான்னா யாருக்குனா குடுத்துட வேண்டிதுதான்," என்றாள் எழிலரசி. "இவரு ஒடம்பவிடவா பூன பெருசு?"

இருபது வருஷத்தில் அவள் அவரை ஒரு பூனைக்குமேல் வைத்துப் பேசியது இதுதான் முதல் தடவை. இரண்டு வாரம் என்ன, நாலு வாரம்கூட இருந்துவிடலாம் என்று நினைத்தார்.

முதல் நாள் கஞ்சியும் சுரைக்காயும். இரண்டாம் நாள் சுரைக்காயும் கஞ்சியும். மூன்றாம் நாள் மாறுதலாகப் புடலங்காய். அப்படியே ஓட்டி, ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு ஏரியில் பிடித்த விரால் தெருவுக்கே வந்தது. எழிலரசி வாங்கினாள். மிளகாய்த்தூள் தடவி ஊற வைத்தாள். கல்லில் போட்டாள். அந்த 'சொய்ங்' சத்தம் டில்லிபாபுவின் வயிற்றுக்குள் போய் மணி அடித்தது.

"வூட்ல நீங்க சாப்புடலன்னாலும் நான் சாப்புடணும் இல்ல?" என்று அவருக்குக் கஞ்சியை ஊற்றினாள். "பாவம், நீங்க துண்ற நடுத்துண்டு. வீணா போவக்கூடாதுன்னு ஜூலிக்கு வெக்கறேன்."

ஜூலி நடுத்துண்டைச் சாப்பிட்டது. அவசரப்படவில்லை. நடுநடுவே தலையைத் தூக்கி டில்லிபாபுவைப் பார்த்தது. அவர் ஆத்திரம் தாங்காமல் ஒன்பது தும்மல் தும்மினார்.

"பாத்தீங்களா, இன்னும் நிக்கல. நாளையிலருந்து பாலும் வேணாம். டீயும் நிறுத்திடலாம்."

அவர் தும்மத் தும்மப் பட்டியல் நீண்டது. அப்பளம் போனது. ஊறுகாய் போனது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டார். கம்பெனியில் போட மறந்த துளையை இங்கே போட்டாயிற்று. தூக்கமும் வரவில்லை. முன்பு பூனைகள் எழுப்பின, இப்போது பசியும் சேர்ந்து எழுப்பியது. ஆனாலும் நாளை எண்ணிக்கொண்டு பல்லைக் கடித்தார்.

பதினாலாம் நாள் வந்தது. ஞாயிறு, காலை பதினொரு மணி. ஜாஸ்மின் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்தாள். அதன்மேல் ஜூலி படுக்கிற பழைய பூத்துண்டு மூடியிருந்தது.

"இதுதான்ணா கடைசி டெஸ்ட். கூடைய மடியில வெக்கறேன். தும்மல் வந்தா அலர்ஜி உறுதி. கண்ண மூடிக்கோங்க."

வாழ்க்கையின் முக்கியமான தும்மல் என்று டில்லிபாபுவுக்குத் தெரியும். கூடை மடிக்கு வந்ததுதான் தாமதம், ஆரம்பித்தார். ஹா... ஹச்! ஹச்! ஹஹஹச்! கட்டில் ஆடியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பதினொன்றாவது தும்மலில் கூடையே கீழே விழப் பார்த்தது.

"போதும்ணா, போதும்," என்று ஜாஸ்மின் துண்டை எடுத்தாள்.

உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்தாள். சிவக்க வறுத்த விரால், ஆறு துண்டு.

டில்லிபாபு கண்ணைத் திறந்து பார்த்தார். மூடிப் பார்த்தார். மறுபடி திறந்தார். இரண்டு வாரப் பொய்த் தும்மலில் மூக்கு செத்துப்போயிருந்தது. வாசனைகூடத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, காம்பவுண்டு சுவரில் ஜூலி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"அய்யோ ஜாஸ்மினு!" என்று எழிலரசி நெஞ்சில் கை வைத்தாள். "பூன இல்லடி. இவருக்கு விரால் அலர்ஜி!"

"ஆமாக்கா. மூடி வச்சிருந்தும் இந்த தும்மல். இனிமே ஆயுசுக்கும் மீன் பக்கமே போவக்கூடாது."

"அப்ப இத ஜூலிக்கே வெச்சிடறேன்," என்று எழிலரசி டப்பாவைத் தூக்கினாள்.

"வெக்காத!" டில்லிபாபு பாய்ந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டார். "எனுக்கு அலர்ஜியே இல்ல! எல்லாம் பொய்யி! சும்மா தும்மினேன்!"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜாஸ்மின் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள் எழிலரசி.

"எப்பலருந்து?"

"மொத தும்மல்லருந்து. தும்மறவன் ரெண்டு கண்ணயும் மூடிப்பான். நீங்க ஒரு கண்ண தொறந்து நான் பாக்கறனான்னு பாத்தீங்க."

வறுத்த மீன் கையில் இருக்கும்போது மானம் போனால் அவ்வளவாக வலிக்காது. டில்லிபாபு முதல் துண்டை வாயில் போட்டார். இரண்டாவது துண்டில், எதற்காகத் தும்மினார் என்று சொன்னார். மூன்றாவது துண்டில் நாற்பது பிராக்கெட்டையும் கேட் ரெஜிஸ்டரையும் சொன்னார். எழிலரசியின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கவலப்படுவ."

"பதினாலு நாளு கஞ்சி குடிச்சதுக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் இல்ல?" என்றாள். பிறகு நாலாவது துண்டை அவளே எடுத்து அவர் கையில் வைத்தாள்.

வழி மிகச் சுலபமாகத்தான் இருந்தது. ஜூலிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் கடுவன்கள் அதைத் தேடி வராது என்றாள் ஜாஸ்மின். செவ்வாய்க்கிழமை டில்லிபாபு லீவு போட்டார். அதே கூடையில் ஜூலியை வைத்து, எழிலரசியைப் பின்னால் உட்கார வைத்து, வாலாஜாபாத் மாட்டாஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் அதற்குப் பிறகும் நாலு நாள் வந்து பாடிப் பார்த்தன. மொட்டவாலு இரண்டாம் நாளே கைவிட்டது. அப்புறம் நாலும் கோயில் தெருப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டன. தகர ஷீட்டில் வெயில் மட்டும் காய்ந்தது.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். தையல் ஆறுகிற வரைக்கும் பூனைக்கு அமைதியான இடம் வேண்டும், யாரும் தொந்தரவு செய்யக்கூடாது. வீட்டில் இப்போது அமைதியான இடம் படுக்கை அறைதான். கட்டிலில் ஜூலி படுத்தது. டில்லிபாபு ஹாலில் பாய் விரித்தார். பரவாயில்லை என்றுதான் நினைத்தார். நாலு இட்லி, இரண்டு முட்டை, மேலே சத்தமில்லாத கூரை. எட்டே முக்காலுக்குப் படுத்தவர் எட்டு ஐம்பதுக்கே தூங்கிப்போனார். எத்தனையோ நாள் கழித்து வந்த தூக்கம். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

ஒன்பதேகாலுக்கு யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். எழிலரசி குனிந்து நின்றிருந்தாள்.

"இன்னாங்க, கோச்சிக்காம கொஞ்சம் வெளிய போயி படுத்துக்கறீங்களா? நீங்க வுடற கொறட்டைல ஜூலி தூங்கவே மாட்டேங்குது."