ஐஸ் சாரும் எங்கள் வீட்டு மோட்டாரும்

சிட்லபாக்கத்தில் திருடனுக்குப் பயந்தவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயந்தவர்கள் உண்டு. கரண்ட் போய்விடுமோ என்று இருபத்துநாலு மணி நேரமும் பயந்தே வாழ்ந்தவர் எங்கள் மாடியில் குடியிருந்த ஐஸ் சார் ஒருவர்தான்.

துருவத்தில் ஆழமாகத் துளைபோட்டு எடுத்த பனியைச் சோதித்து, பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே எவ்வளவு குளிர் என்று கண்டுபிடிக்கிறார்களாம். கம்ப்யூட்டரும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பது இவர் வேலை. ஆபீஸ் மெஷின் கிடைக்காமல், சொந்தமாக ஒன்று வாங்கி மாடியில் ஓட்டினார். ஒரு கணக்கு முடிய நாற்பது நாள். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

"நடுநடுவுல சேவ் பண்ற மாதிரி எழுத மறந்துட்டேன் பாய். இப்ப நிறுத்தவும் பயமா இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிக்ஸி போடவும் அனுமதி வேண்டும். "சார், சட்னி!" என்று என் மனைவி ஜமீலா படியில் நின்று கத்துவாள். லோடு தாங்காது என்று மேலே உடனே ஃபேன் நிற்கும். மைனஸ் நாற்பது டிகிரியைக் கணக்குப் போடுகிற மனுஷர் பனியனைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் போனால் மணிக்கொரு தரம் போன்.

"மேடம், கரண்ட் இருக்கா?"

"கரண்ட் இருக்கு சார். எனக்குத்தான் உசிரு போய்ப் போய் வருது."

ஏன் இத்தனை பயம் என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னாடி பூமி சூடானப்ப துருவம் எவ்வளவு சூடாச்சுன்னு பனி சொல்லுது. சின்னதா ஓட்டிப் பாத்ததுல கம்ப்யூட்டர் அதைவிடக் கம்மியா சொல்லுச்சு பாய். இப்பவும் கம்மியா வந்தா, இனி வரப்போற சூட்டையும் நாங்க கம்மியாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம்."

எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி நானும் ரெண்டு தடவை எழுந்து மாடியில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

முப்பத்தெட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. தலை முழுக்க சோப்போடு நிற்கிறேன், குழாய் நின்றுவிட்டது. கண் எரிச்சலில் குரல் கொடுக்க மறந்து, ஓடிப்போய் மோட்டாரைத் தட்டினேன். 'டப்'! ஃபியூஸ் போய் வீடே அடங்கிவிட்டது. லைன்மேன் வர ரெண்டு மணி நேரம். கம்ப்யூட்டருக்கு அவர் வைத்திருந்த யூபிஎஸ் பேட்டரி தாங்கியது பத்தே நிமிஷம்.

சோப்பும் லுங்கியுமாக மாடி ஏறினேன். அணைந்த திரைக்கு முன்னால் அவர்.

"சார்... நான்தான்."

என் தலைச் சோப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு நாள்ல பதில் வந்துடுமேன்னு ராத்திரி பகலா தூக்கமில்ல. நாப்பது நாள் தள்ளிப் போட்டுட்டீங்க பாய். தேங்க்ஸ்."

மறுநாளே திரும்ப ஆரம்பித்தார். "இந்தத் தடவை சேவ் பண்ற மாதிரி எழுதிட்டேன். மோட்டாரைத் தாராளமா போடுங்க" என்றார். நாங்கள் போடவில்லை. நாற்பது நாளும் கிணற்றில் வாளி விட்டு இறைத்தோம். ஜமீலா அம்மியில் அரைத்தாள்.

கடைசி நாள் காலை, ஆபீஸுக்குக் கிளம்பியவன் பார்த்தால், மாடிப்படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பனி சொன்னதுதான் நிஜம் பாய். கம்ப்யூட்டர் இப்பவும் கம்மியாத்தான் சொல்லுது. வரப்போற சூடு நாங்க சொன்னதைவிட ஜாஸ்தி."

அவரைத் தனியாகப் பயப்பட விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.